ஸிப் ஃபைலும் ஐந்தரை மணி நேரப் பொய்யும்

பி.காம் படிக்கிறவனுக்கு ஸிப் ஃபைலுக்குள்ளே என்ன வேலை என்று கேட்கப் போகிறீர்கள். எனக்கும் ஒரு வேலையும் இல்லாமல்தான் இருந்தது. போன செமஸ்டர் வரைக்கும் ஸிப் என்றால் ரைட் கிளிக், கம்ப்ரெஸ், மெயிலில் இணைப்பு... அவ்வளவுதான். அப்புறம் என் பக்கத்து பெஞ்ச் தோழியைத் திருடி என்று சொன்னார்கள். சாட்சி யார் என்று பார்த்தால் ஒரு ஸிப் ஃபைல்!

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கம்பெனியின் ஐந்து வருட இருப்புநிலைக் குறிப்பை எடுத்து விகிதப் பகுப்பாய்வு செய்து, எக்செல்லில் நாலு ஷீட் போட்டு, ஸிப் பண்ணி அனுப்ப வேண்டும். இன்டர்னல் 25 மார்க்கில் இதற்கு மட்டும் 10. திருத்தும்போது இரண்டு பேருடைய ஃபைலில் ஒரே தப்பு. மூன்றாவது வருடத்து விரைவு விகிதத்தில் சரக்கிருப்பைக் கழிக்கும்போது இருவருமே ஒரே தவறான தொகையைக் கழித்திருந்தார்கள். சரியான விடை இரண்டு பேருக்கு ஒன்றாக வரலாம். தப்பான விடை தசம ஸ்தானம் வரைக்கும் ஒன்றாக வராது. ஆக, ஒருவர் இன்னொருவரைப் பார்த்து அடித்திருக்கிறார். அதில் சந்தேகமே இல்லை. யார், யாரைப் பார்த்து என்பதுதான் கேள்வி.

சார் இரண்டு ஸிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தார். 'மாடிஃபைடு' என்ற பத்தியில் என் தோழியின் ஃபைலுக்கு இரவு 9.10. ஹாஸ்டலில் அடுத்த அறைக்காரியின் ஃபைலுக்கு அதே நாள் மாலை 6.06. தீர்ப்பு முடிந்தது. ஆறு மணிக்கு முடித்தவள் அசல், ஒன்பது மணிக்கு முடித்தவள் நகல். பத்துக்கு பூஜ்யம், கூடவே பெற்றோரை அழைத்து வரச் சொல்லும் வைபவம்.

அவள் அழுதுகொண்டே சொன்னது இதுதான்: "அவதான் ரெஃபரன்ஸுக்கு மட்டும் குடுடின்னு பென் டிரைவ்ல வாங்கிட்டுப் போனா. ஒன்பதரை மணி இருக்கும்."

ரெஃபரன்ஸுக்கு மட்டும்! இந்த வார்த்தையை நம்பி எத்தனை குடும்பங்கள் அழிந்திருக்கின்றன தெரியுமா? சரி, அது வேற பதிவு.

ஒன்பதரைக்கு வாங்கியவள் எப்படி ஆறு மணிக்கு முடித்திருக்க முடியும்? இவள் பொய் சொல்கிறாள், அல்லது ஸிப் பொய் சொல்கிறது. எல்லாரும் இவள்தான் பொய் சொல்கிறாள் என்றார்கள். கம்ப்யூட்டர் பொய் சொல்லாதாம். எனக்கு எரிச்சல் வந்தது அங்கேதான். அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து ஸிப் ஃபைலின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தேன்.

ஒரு ஸிப் ஃபைலை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால் முதல் இரண்டு எழுத்து 'பி', 'கே'. ஃபில் காட்ஸ் என்கிற அமெரிக்கரின் முதலெழுத்துகள். விஸ்கான்சினில் 1986-ல் பிகேவேர் என்ற கம்பெனியை ஆரம்பித்தார், 1989-ல் ஸிப் ஃபார்மட்டை வெளியிட்டார், அதன் அமைப்பை எல்லாரும் படித்துப் பயன்படுத்தும்படி பொதுவில் வைத்தார். 2000-ல் தன் 37-வது வயதில் இறந்துபோனார். இன்றைக்கும் நம் போனில் இருக்கிற ஒவ்வொரு ஆண்ட்ராய்டு ஆப்பும், இப்போதைய ஃபார்மட்டில் சேவ் செய்த வேர்ட், எக்செல் ஃபைலும் உள்ளே ஸிப்தான். ஆரம்பத்தில் அவர் இனிஷியல்தான் இருக்கும். எனக்கு அந்த மனிதர் மேல் கோபம் இல்லை, மரியாதைதான். என் கோபம் அவருக்குப் பிறகு வந்தவர்கள் மேலே.

அந்த 'பிகே'வில் ஆரம்பித்து 30 பைட் நீளத்துக்கு ஒரு ஹெடர். உள்ளே இருக்கிற ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று. சரக்கு மூட்டையில் கட்டிவிடும் சீட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைப் பிரிக்க எந்தப் பதிப்பு மென்பொருள் வேண்டும், எந்த முறையில் சுருக்கியது, சுருக்கும் முன் எவ்வளவு, சுருக்கிய பின் எவ்வளவு, சரிபார்ப்பு எண் என்ன, பெயர் எத்தனை பைட் நீளம் என்றெல்லாம் அதில் இருக்கும். பெயர் ஹெடருக்குப் பின்னால் வரும். இதற்கு நடுவில் நேரத்துக்கு 2 பைட், தேதிக்கு 2 பைட். மொத்தமே நாலு பைட்.

அந்த நாலு பைட்டில்தான் என் தோழியின் மானம் தொங்கிக்கொண்டிருந்தது.

நேரத்துக்கான இரண்டு பைட் என்பது 16 பிட். மணிக்கு 5 பிட், நிமிடத்துக்கு 6 பிட், மிச்சம் 5 பிட் விநாடிக்கு. ஐந்து பிட்டில் 31 வரைதான் எண்ண முடியும், ஆனால் விநாடி 59 வரை போகுமே? என்ன செய்தார்கள் தெரியுமா, விநாடியை இரண்டால் வகுத்து எழுதினார்கள். அதனால் இந்தக் கட்டத்தில் ஒற்றைப்படை விநாடியே கிடையாது! இது ஃபில் காட்ஸ் கண்டுபிடித்ததில்லை, டாஸ் காலத்து வட்டுகளில் தேதி எழுதிய முறை, அதையே எடுத்துக்கொண்டார். தேதியும் அப்படியே. வருடத்துக்கு 7 பிட், 1980-ல் ஆரம்பித்து 2107-ல் முடியும்.

இந்த இரண்டு விநாடிக் கதை சிரிப்பாகத் தெரியலாம். இன்ஃபோ-ஸிப் என்று லினக்ஸ்காரர்கள் வெகுகாலமாகப் பயன்படுத்தும் மென்பொருள் ஒற்றைப்படை விநாடியை மேல்நோக்கித்தான் முழுமையாக்கும். இரவு 11 மணி 59 நிமிடம் 59 விநாடிக்கு அசைன்மென்ட்டை சேவ் செய்தால் அந்தக் கட்டத்தில் ஏறுவது மறுநாள் 12 மணி. கெடுவுக்கு ஒரு விநாடி முன்னால் முடித்தவன் தாமதமாக வந்தவன் ஆகிவிடுவான். நம்மில் பாதிப் பேர் கெடுவுக்கு ஒரு விநாடி முன்னால்தான் முடிக்கிறோம் :-)

ஆனால் பெரிய ஓட்டை விநாடியில் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். இரவு 9.10 என்பது 21 மணி 10 நிமிடம். ஹெடரில் ஏறும் எண் 21×2048 + 10×32 = 43328. மாலை 6.06 என்பது 18×2048 + 6×32 = 37056. வழக்கில் இருந்த மொத்த ஆதாரம் இந்த இரண்டு எண்கள்தான். இப்போது சொல்லுங்கள், இதில் ஊர் எங்கே இருக்கிறது? இந்திய நேரமா, லண்டன் நேரமா, சிங்கப்பூர் நேரமா? எங்கேயும் இல்லை. இடமே விடவில்லை. ஸிப்பை உருவாக்கிய கம்ப்யூட்டரின் சுவர்க் கடிகாரத்தில் அந்த நிமிடம் முள் எங்கே நின்றதோ அதைப் பார்த்து எழுதி மூட்டை கட்டியாகிவிட்டது.

இது நமக்கு ஏன் உறைப்பதில்லை என்றால், இந்தியா முழுக்க ஒரே நேரம். கன்னியாகுமரியில் ஒன்பது என்றால் காஷ்மீரிலும் ஒன்பது. இலங்கைக்கும் அதே ஐந்தரை. சிங்கப்பூரில் இருக்கிற சித்தப்பா ராத்திரி 11 மணிக்கு சேவ் செய்து ஸிப் அனுப்பினால், நம் ஊரில் திறக்கும்போதும் 11 என்றுதான் காட்டும். உண்மையில் அப்போது நமக்கு எட்டரை மணி. யாரும் கவனிப்பதில்லை, ஏனென்றால் கல்யாண போட்டோவுக்கு இரண்டரை மணி நேரம் முன்பின் இருந்தால் என்ன போச்சு?

அடுத்த அறைக்காரி என்ன செய்திருக்கிறாள் என்றால், தன் லேப்டாப்பில் ஸிப் பண்ணவில்லை. இரவு 11.36-க்கு எக்செல் ஃபைலை இணையச் சேமிப்பகம் ஒன்றில் ஏற்றியிருக்கிறாள். ஃபோல்டரோடு டவுன்லோட் கொடுத்தால் அந்தத் தளமே ஸிப் பண்ணித் தரும் அல்லவா, அதைத்தான் அனுப்பியிருக்கிறாள். அந்த ஸிப்பைக் கட்டியது எங்கேயோ இருக்கும் சர்வர். சர்வர்களின் கடிகாரத்தைப் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில்தான் வைத்திருப்பார்கள். நம் 11.36-லிருந்து ஐந்தரை மணியைக் கழியுங்கள். மாலை 6.06.

கோட்டை விட்டது புரிகிறதா? சர்வரும் பொய் சொல்லவில்லை, அதன் கடிகாரப்படி சரியாகத்தான் எழுதியது. லேப்டாப்பும் பொய் சொல்லவில்லை. எந்த ஊர்க் கடிகாரம் என்று எழுத இடமில்லாத ஒரு கட்டத்தில் இரண்டு ஊர் நேரத்தையும் எழுதி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றைவிட ஒன்று சின்னது என்று தீர்ப்புச் சொன்னதுதான் பொய். ரூபாயையும் டாலரையும் ஒரே பத்தியில் நாணயக் குறி போடாமல் எழுதி கூட்டுத்தொகை போட்டால் முதலாமாண்டு மாணவனைக்கூட வெளியே நிற்க வைப்பார்கள். இங்கே அதைச் செய்தவர்கள் நமக்குக் கணக்கியல் சொல்லிக்கொடுக்கிறவர்கள்.

மறுநாள் சாரிடம் போனேன்.

"சார், அந்த ஆறு மணி ஆறு நிமிஷம்கிறது எந்த ஊர் நேரம் சார்?"

"எந்த ஊரா? இந்த ஊர்தான். நீ வேற."

இதற்கு மேல் வாயால் பேசிப் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்தது. எக்செல் ஃபைலும் ஒரு ஸிப்தான் என்று சொன்னேன் அல்லவா? அதன் நீட்சிப் பெயரை மாற்றித் திறந்தால் உள்ளே இன்னொரு மூட்டை. அந்த உள்மூட்டையின் ஹெடரைப் பார்த்தால் தேதி என்ன தெரியுமா? 1980 ஜனவரி 1, நள்ளிரவு. மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் சேவ் செய்யும் ஃபைல்களில் இதுதான் வழக்கம், நேரக் கட்டத்தை நிரப்பாமல் தொடக்க நாளையே போட்டுவிடும். ஹெடர் சொல்வதுதான் வேதவாக்கு என்றால், எக்செல் என்ற மென்பொருளே 1985-ல்தான் வந்தது, அதற்கு ஐந்து வருடம் முன்பே என் தோழி அசைன்மென்ட்டை முடித்துவிட்டாள் என்று அர்த்தம். அவள் அப்பாவே அப்போது பள்ளிக்கூடம் போயிருக்க மாட்டார். இதை சாரிடம் காட்டியபோது முதல் தடவையாக அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அந்த உள்மூட்டையிலேயே 'டாக் பிராப்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் உண்டு. அதில் ஒரு சின்ன ஃபைலில் உருவாக்கிய நேரம், கடைசியாக மாற்றிய நேரம் இரண்டும் எழுத்தாகவே இருக்கும். கடைசியில் இசட் என்ற ஓர் எழுத்து. அந்த ஒற்றை எழுத்துக்கு அர்த்தம், இது உலகப் பொது நேரம் என்று. பாருங்கள், ஒரே ஒரு எழுத்து! தோழியின் ஃபைலில் 15.40. ஐந்தரையைக் கூட்டினால் இரவு 9.10, ஹெடரோடு ஒத்துப்போகிறது. அடுத்த அறைக்காரியின் ஃபைலில் 18.04. ஐந்தரையைக் கூட்டினால் இரவு 11.34. ஏற்றியது 11.36. இரண்டு நிமிட இடைவெளி, ஹாஸ்டல் வைஃபை வேகத்துக்குப் பொருத்தம்தான்.

இந்த நேரமும் புனிதமானது என்று நான் சொல்லவில்லை. லேப்டாப் கடிகாரத்தை மாற்றி வைத்தால் இதுவும் மாறும், நோட்பேடில் திறந்து திருத்தினாலும் மாறும். ஆனால் குறைந்தபட்சம் எந்த ஊர் நேரம் என்று சொல்லிவிட்டுப் பொய் சொல்கிறது.

திருத்துவது என்று வந்ததால் இன்னொன்று. ஸிப் ஹெடரில் சரிபார்ப்பு எண் இருக்கிறதே, யாராவது தேதியை மாற்றினால் அது காட்டிக்கொடுக்காதா என்று ஒரு கம்ப்யூட்டர் சயன்ஸ் நண்பனே கேட்டான். கொடுக்காது. அந்த 4 பைட் எண் ஃபைலின் உள்ளடக்கத்துக்கு மட்டும்தான். பெயரும் நேரமும் அந்தக் கணக்கில் சேர்த்தி இல்லை. ஹெக்ஸ் எடிட்டரில் 43328-ஐ அழித்துவிட்டு வேறு எண் எழுதுங்கள், எந்த ஸிப் மென்பொருளும் ஒரு முனகல்கூட முனகாது. வேடிக்கை என்னவென்றால் யுனிக்ஸ்காரர்களின் பழைய டார் ஃபார்மட்டில் இதற்கு நேர் எதிர். அங்கே 512 பைட் ஹெடருக்கு மட்டும் சரிபார்ப்புக் கூட்டுத்தொகை உண்டு, உள்ளடக்கத்துக்கு இல்லை. ஒருத்தன் சாக்குக்கு மட்டும் சீல் வைத்தான், இன்னொருத்தன் சீட்டுக்கு மட்டும் சீல் வைத்தான்! ஆனால் நேரத்தில் டார் நியாயஸ்தன். 1970 ஜனவரி 1 முதல் உலகப் பொது நேரப்படி எத்தனை விநாடி என்று எழுதுகிறான். எழுபதுகளில் பிறந்த ஃபார்மட் சரியாகச் செய்ததை 1989-ல் பிறந்தது தவறவிட்டது.

இதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. ஸிப்பில் மூட்டைக்கு மூட்டை சீட்டு மட்டுமில்லை, ஃபைலின் கடைசியில் மொத்தச் சரக்குக்கும் ஒரு பட்டியல் உண்டு. மையப் பட்டியல் என்று சொல்லலாம். ஒவ்வொரு ஃபைலுக்கும் 46 பைட், அதில் அதே பெயர், அதே நேரம், அதே அளவு எல்லாம் இரண்டாவது தடவை. ஃப்ளாப்பிக் காலத்தில் ஒரு ஸிப் நாலு வட்டில் பரவிக் கிடக்கும், முழுவதையும் படிக்காமல் கடைசி வட்டைப் பார்த்தே பட்டியல் தெரிய வேண்டும் என்பதால் இந்த ஏற்பாடு உதவியது. நல்ல யோசனைதான், ஒப்புக்கொள்கிறேன். நம் பாஷையில் சொன்னால் குறிப்பேடு, பேரேடு என்று இரண்டு புத்தகம். ஆனால் இரண்டு புத்தகம் வைத்திருக்கிறவன் வருடக் கடைசியில் இருப்பாய்வு எடுக்க வேண்டும் அல்லவா? இங்கே எடுப்பது மென்பொருளைப் பொறுத்தது. பெரும்பாலானவை கடைசிப் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு வேலையை முடிக்கின்றன. சீட்டில் ஒரு நேரமும் பட்டியலில் வேறு நேரமும் இருந்தால் திரையில் ஒன்றுதான் தெரியும்.

ஒரே விஷயத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகப் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு 2013-ல் உலகமே ஒரு பாடம் பார்த்தது. ஆண்ட்ராய்டு ஆப் ஒரு ஸிப் என்றேன். அதற்குள் ஒரே பெயரில் இரண்டு ஃபைல் வைத்தால், கையெழுத்தைச் சரிபார்க்கும் நிரல் ஒன்றைப் பார்த்தது, நிறுவும் நிரல் இன்னொன்றை எடுத்தது. நல்ல ஃபைலைக் காட்டி முத்திரை வாங்கி, கெட்ட ஃபைலை உள்ளே விடலாம். 'மாஸ்டர் கீ' ஓட்டை என்று ப்ளூபாக்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டு, கூகுள் அவசரமாக அடைத்தது. தணிக்கையாளருக்கு ஒரு வவுச்சர், காசாளருக்கு ஒரு வவுச்சர். நம்மூரில் இதற்கு வேற பெயர் உண்டு.

நேரம் ஒரு பக்கம், பெயர்க் கட்டத்தின் அழகைப் பாருங்கள். இது எல்லாத் தமிழர்களுக்குமான விஷயம் என்பதால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

'கணக்கியல்' என்று ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைத்து ஸிப் பண்ணி அனுப்புங்கள். சில கம்ப்யூட்டரில் ஒழுங்காக வரும். சிலவற்றில் கிரேக்க எழுத்து ஆல்பா, பக்கத்தில் இரட்டைக் கோண மேற்கோள் குறி, அப்புறம் தலையில் கொம்பு வைத்த ஏதோ ஒரு எழுத்து, மறுபடி ஆல்பா, மறுபடி கோணக் குறி... என்று ஒரு மைல் நீளத்துக்கு வரும். வைரஸ் என்று நினைத்து அழித்தவர்களை எனக்குத் தெரியும். வைரஸ் இல்லை. யூனிகோடை யூடிஎஃப்-8 முறையில் எழுதினால் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். புள்ளி, கொக்கி எல்லாவற்றையும் தனித்தனியே எண்ணினால் 'கணக்கியல்' 9 குறியீடு, 27 பைட். ஸிப்பின் பழைய விதிப்படி பெயர் என்பது ஐபிஎம் பிசியின் கோட் பேஜ் 437-ல் இருக்க வேண்டும். அந்த அட்டவணையில் ஒரு பைட் ஓர் எழுத்து. தமிழின் முதல் பைட் எப்போதும் 224, அது அங்கே ஆல்பா. இரண்டாவது பைட் 174 அல்லது 175, அவை அங்கே கோணக் குறிகள். அதனால்தான் எந்தத் தமிழ்ப் பெயரை அனுப்பினாலும் ஒரே கிரேக்கப் பஜனை!

இதற்கு மருந்து இல்லையா? இருக்கிறது, 2006-லேயே வந்துவிட்டது. ஹெடரில் கொடிகளுக்கென்று இருக்கும் 2 பைட்டில், பிட் எண் 11-ஐ ஏற்றிவிட்டால் 'இந்தப் பெயர் யூடிஎஃப்-8' என்று அர்த்தம். ஒரே ஒரு பிட். ஒன்று அல்லது பூஜ்யம். அதை ஏற்றாமல் யூடிஎஃப்-8 பெயரை எழுதிவிட்டுப் போகும் மென்பொருள்கள் இன்னமும் இருக்கின்றன, ஏற்றியிருந்தாலும் பார்க்காமல் பிரிக்கும் மென்பொருள்களும் இருக்கின்றன. எழுதியவர் ஊரில் ஆங்கிலப் பெயர்தானே, அவருக்கு எப்போதும் சரியாகத்தான் வேலை செய்திருக்கும். டார் இங்கே ரொம்ப யோக்கியம் என்று எண்ண வேண்டாம். பழைய டார் ஹெடரில் பெயருக்கு 100 பைட். தமிழில் 33 குறியீடு. எங்க டிபார்ட்மென்ட் பெயரையே முழுசாக எழுத முடியாது. 2001 போஸிக்ஸ் தரத்தில் வந்த பேக்ஸ் விரிவாக்கம்தான் அந்த எல்லையை உடைத்து, பெயர் யூடிஎஃப்-8 என்றும் ஆக்கியது.

நேரத்துக்கும் மருந்து உண்டு. ஹெடரின் வாலில் கூடுதல் துணுக்குகள் சேர்க்கலாம். 'யூ', 'டி' என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும் ஒரு துணுக்கில் உலகப் பொது நேரத்தை விநாடிக் கணக்கில் எழுதலாம். பட்டியலில் மொத்தச் செலவு 9 பைட். ஒன்பது! ஒரு வாட்ஸப் குட்மார்னிங் ரோஜாப்பூ எத்தனை ஆயிரம் பைட் என்று நினைத்துப் பாருங்கள். எங்கள் வழக்கில் இருந்த இரண்டு ஸிப்பிலும் கூடுதல் துணுக்கின் நீளம் பூஜ்யம். அந்த ஒன்பது பைட் இருந்திருந்தால், அதைப் படிக்கிற மென்பொருள் சாரின் திரையில் 11.36 என்றே காட்டியிருக்கும், அவளும் அழுதிருக்க மாட்டாள்.

இதைச் சொன்னால் உடனே ஒரு கூட்டம் கிளம்பும். பழைய மென்பொருளோடு ஒத்துப்போக வேண்டாமா, 1989 ஃபார்மட்டைப் போய்க் குறை சொல்கிறாயே என்று. அந்த வாதம் எடுபடாது. கூடுதல் துணுக்கு என்பதே பழைய மென்பொருள் தெரியாவிட்டால் தாண்டிப் போகட்டும் என்று வைத்த இடம். அதை நிரப்புவதால் எதுவும் உடையாது. நான் ஃபார்மட்டை மாற்றச் சொல்லவில்லை. இருக்கிற கட்டத்தை நிரப்பு என்கிறேன். நிரப்பாமல் வந்தால், திரையில் நேரத்தைக் காட்டும்போது பக்கத்தில் 'எந்த ஊர் நேரம் என்று தெரியாது' என்று ஒரு குறியாவது போடு என்கிறேன். தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டுவதுதான் குற்றம்.

இன்னொரு கூட்டம், சாதாரண மாணவனுக்கு இதெல்லாம் எதற்கு, படிக்கிற வேலையைப் பார் என்பார்கள். ஐயா, நாம் படிப்பதே இதைத்தானே? 2023 ஏப்ரல் 1 முதல் இந்தியக் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் எப்போது நடந்தது என்ற பதிவு இருக்க வேண்டும், அதை அணைத்து வைக்கவே முடியக் கூடாது என்று விதி. தணிக்கைத் தாளில் அதைப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 63-ஆம் பிரிவுப்படி மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டுமென்றால் சான்றிதழ் வேண்டும், அந்தச் சான்றிதழில் ஃபைலின் ஹாஷ் மதிப்பையும் எழுத வேண்டும். ஒரு கடைக்காரனின் கணக்குக்கு இவ்வளவு காவல். ஒரு பெண்ணைத் திருடி என்று சொல்ல மட்டும் ஊர் பெயர் இல்லாத இரண்டு பைட் போதுமா?

(இடையில் ஒரு தகவல், சொல்லாமல் விட மனசில்லை. ஸிப்புக்கு பாஸ்வேர்டு போட்டால் எல்லாம் பூட்டிவிட்டது என்று நினைக்காதீர்கள். வழக்கமான முறையில் உள்ளடக்கம்தான் பூட்டப்படும். பெயர், அளவு, நேரம் எல்லாம் ஹெடரில் பப்பரப்பா என்று திறந்தே கிடக்கும். 'அரியர் வைத்தவர்கள் பட்டியல்' என்று பெயர் வைத்த ஃபைலுக்கு பாஸ்வேர்டு போட்டு அனுப்பினால் பாதி ரகசியம் அங்கேயே போச்சு. செவன்-ஸிப் ஃபார்மட்டில் பெயரையும் சேர்த்துப் பூட்டும் வசதி உண்டு.)

வழக்கு என்ன ஆச்சு? நான் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போன ஆறு பக்கத்தில் சார் நாலு பக்கம் படித்தார். ஒத்துக்கொள்கிறேன், அது சாதாரண விஷயமில்லை. ஐந்தரை மணி வித்தியாசம் அவருக்குப் பிடிபட்டது 1980 ஜனவரி 1-ல்தான். "அப்ப இந்த டேட்டை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்கறே?" என்றார். "நீங்க சொன்னதையும் சொல்ல முடியாது, நான் சொல்றதையும் முழுசா சொல்ல முடியாது சார். ரெண்டு பேரையும் கூப்பிட்டு அந்தத் தப்பு எப்படி வந்ததுன்னு கேளுங்க" என்றேன்.

கேட்டார். என் தோழி ஆண்டறிக்கையைத் திறந்து, சரக்கிருப்புக்கு முந்தைய வருடத்துப் பத்தியைப் பார்த்துத் தொகையை எடுத்துவிட்டதைக் காட்டினாள். பத்தி மாறிய இடத்தில் விரலை வைத்தே காட்டினாள். அடுத்த அறைக்காரிக்கு ஆண்டறிக்கை எந்தப் பக்கத்தில் என்றே தெரியவில்லை. பத்து நிமிடத்தில் முடிந்தது. தோழிக்குப் பத்துக்கு ஏழு மார்க், தப்புக்கு மூன்று பிடித்தார், அது நியாயம்தான். ஆனால் அந்த நாலு நாள் அவளிடம் வகுப்பில் யாரும் பேசவில்லை. அவள் அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்து திரும்பிப் போனார். அதற்கு எந்த ஹெடரிலும் கட்டம் இல்லை.

போன வாரம் நோட்டீஸ் போர்டில் ஒரு அறிவிப்பு. இந்த செமஸ்டர் அசைன்மென்ட் எல்லாம் கட்டாயம் ஸிப் ஃபைலாகத்தான் வர வேண்டுமாம். கடைசித் தேதிக்குப் பிந்தைய நேரம் காட்டும் ஃபைல்கள் நிராகரிக்கப்படுமாம்.

நான் என்னுடையதை 1980 ஜனவரி 1-ல் முடித்துவிட்டேன் :-)